நாவல் பழ மஃபின்

நேயர்களுக்கு வணக்கம்.

பெர்ரி மஃபின் செய்யலாம் என்றால், "புளூபெர்ரிக்கு எங்கே போவது?" என்று கேட்டு நம் பக்கத்தில் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். தஞ்சாவூர், திருச்சி பெரிய கடைகளில் உறைய வைத்த புளூபெர்ரி கிடைக்கிறது, விலைதான் கூடுதல். ஆனால் ஆனி, ஆடியில் தள்ளுவண்டியில் குவித்து விற்கிற நாவல் பழம் இந்தப் பலகாரத்துக்கு அவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது. திருவானைக்காவலில் தல விருட்சமே வெண்நாவல்தான். நம் மண்ணுக்கு நெருங்கிய பழத்தை விட்டுவிட்டு மஃபினையே கைவிட வேண்டியதில்லை. நாவல் வராத மாதங்களில் கறுப்புப் பன்னீர் திராட்சையைப் போடலாம்.

எந்தப் பழமானாலும், அதன் சாறு பழத்துக்குள்ளேயே நிற்க வேண்டும். சாறு மாவில் இறங்கிவிட்டால் அடி சொதசொதப்பாகும், உள்ளே வேகாது, நிறமும் அழுக்காகத் தெரியும். இனி நான் சொல்லப் போகும் பக்குவம் பெரும்பாலும் இதற்காகத்தான்.

நாவல் நன்றாகக் கறுத்துப் பழுத்ததாக இருக்கட்டும். செங்காய் துவர்க்கும், எவ்வளவு சர்க்கரை போட்டாலும் அந்தத் துவர்ப்பு போகாது. கழுவி, துணியில் பரப்பி, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். பிறகு கத்தியைக் கொட்டையில் படும்படி நீளவாக்கில் ஓட்டி, சதையை இரண்டு மூன்று பெரிய துண்டுகளாக எடுக்க வேண்டும். பிசைந்து எடுத்தால் கை முழுக்க ஊதா, பழத்தில் சக்கைதான் மிஞ்சும். துவர்ப்பைப் போக்க முன்கூட்டியே சர்க்கரையோ உப்போ தூவி வைக்காதீர்கள், இரண்டுமே சாற்றை வெளியே இழுத்துவிடும். திராட்சையானால் பாதியாக வெட்டி, விதையை எடுத்து, வெட்டிய பக்கத்தைத் துணியில் ஒற்றி எடுங்கள். உறைந்த புளூபெர்ரியை உருக விடவே கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஐந்து நிமிடம் வெளியே இருந்தாலே மேலெல்லாம் வியர்த்துவிடும். மாவு தயாரான பிறகு ஃப்ரீசரிலிருந்து எடுத்து நேராகப் போடுங்கள், வேகும் நேரத்தில் மூன்று நான்கு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

வீட்டு ஓடிஜி என்கிற சிறு மின்சார அடுப்பில் ஆறு கப் தட்டு ஒன்றுதான் கொள்ளும். அதனால் ஆறு மஃபினுக்கான அளவையே சொல்கிறேன். மைதா 120 கிராம், பொடித்த சர்க்கரை 65 கிராம், பேக்கிங் பவுடர் தலைதட்டி ஒன்றரை டீஸ்பூன், உப்பு இரண்டு சிட்டிகை. இன்னொரு பாத்திரத்தில் முட்டை ஒன்று, கெட்டித் தயிர் 50 கிராம், பால் 30 மில்லி, எண்ணெய் 45 மில்லி. முட்டை சேர்க்காத வீடுகளில் தயிரை 100 கிராமாக்கிக்கொள்ளலாம், உயரம் சற்றுக் குறையும், ருசி குறையாது. செக்குக் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் பழத்தின் வாசனையை அமுக்கிவிடும், சூரியகாந்தி எண்ணெய் போதும். பழத்துண்டு 90 கிராம். கொட்டையோடு சுமார் 150 கிராம் நாவல் வாங்கினால் அது தேறும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் போலக் கடற்காற்று அடிக்கிற ஊர்களில் பேக்கிங் பவுடர் ஈரம் கோத்து வீரியம் இழந்துவிடும். அரை டீஸ்பூன் எடுத்துச் சுடுதண்ணீரில் போடுங்கள். பொங்கி நுரைக்காவிட்டால் அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். அதற்குப் பதிலாக ஆப்ப சோடாவைத் தாராளமாகப் போடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பழத்தைச் சுற்றி மாவு பச்சை பாய்ந்து, பூசணம் பிடித்த மாதிரி தெரியும். நாவலுக்கும் புளூபெர்ரிக்கும் ஊதா நிறம் தருவது அந்தோசயனின் என்ற நிறமி. புளிப்பில் அது சிவக்கும், சோடாவின் காரத்தில் நீலமும் பச்சையுமாக மாறும். தயிர் சேர்ப்பதில் இந்த ஒரு நன்மையும் இருக்கிறது.

இனிக் கலக்குவது. பெரும்பாலான மஃபின் கெடுவது இந்த இடத்தில்தான். உலர்ந்ததைச் சலித்து, நடுவில் குழி செய்து, ஈரக்கலவையை ஊற்றி, அடியிலிருந்து மேலாகப் பத்துப் பன்னிரண்டு முறை புரட்டுங்கள். மைதா கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தால் போதும், சிறு கட்டிகள் இருக்கலாம். பீட்டர், மிக்ஸி எதுவும் வேண்டாம். அடித்துக் கலக்கினால் மைதாவின் பசைத்தன்மை இறுகி, மஃபின் ரப்பராகும். வெட்டினால் உள்ளே சுரங்கம் போல நீள ஓட்டைகள் இருக்கும், தலையும் கூம்பிக்கொள்ளும். மாவு வடை மாவை விடத் தளர்வாகவும் இட்லி மாவை விடக் கெட்டியாகவும் இருக்க வேண்டும். கரண்டியைத் தூக்கினால் ஒழுகாமல் ஒரு கணம் தங்கி, பொத்தென்று விழும். பழம் அடியில் போய் உட்காராமல் இருக்க மைதாவில் புரட்டிப் போடச் சொல்வார்கள். மாவு நீர்த்திருந்தால் அதனால் ஒரு பயனும் இல்லை. கப்பின் அடியில் ஒரு ஸ்பூன் வெறும் மாவை விட்டு, மீதியில் பழத்தை இரண்டே புரட்டாகச் சேர்த்து மேலே நிரப்புவதுதான் நம்பகமான வழி. முக்கால் கப் போதும்.

கலக்குவதற்கு முன்பே ஓடிஜியை 200 டிகிரியில், மேல் கீழ் இரண்டு கம்பியும் எரிய, 15 நிமிடம் சூடேற்றியிருக்க வேண்டும். மின்னழுத்தம் குறைவாக வருகிற கிராமங்களில் இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள். கலந்த மாவு காத்திருந்தால் பேக்கிங் பவுடரின் வேகம் பாத்திரத்திலேயே அடங்கிவிடும். நடுத்தட்டில் வைத்து முதல் 7 நிமிடம் 200, பிறகு 180க்குக் குறைத்து 12 முதல் 14 நிமிடம். முதல் 15 நிமிடம் கதவைத் திறந்தால் மஃபின் அமுங்கிப் போகும். அதற்குப் பிறகு கரண்ட் போனால் பதற வேண்டாம், கதவை மூடியே வையுங்கள், உள்ளிருக்கும் சூடே வேக வைத்துவிடும். குச்சி குத்திப் பார்க்கும்போது பழத்தில் படாத இடமாகக் குத்துங்கள். பழச்சாறு ஒட்டினால் வேகாத மாவென்று நினைத்துக் காயவிட்டுவிடுவோம்.

ஓடிஜி இல்லாதவர்கள் அடிகனமான பழைய பாத்திரத்தில் அரை அங்குலம் கல்லுப்பு பரப்பி, வளையம் வைத்து, மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் சூடேற்றுங்கள். காகிதக் கப்புகளைச் சிறு எவர்சில்வர் கிண்ணங்களில் இறக்கி வைத்து, தீயைச் சற்றுக் குறைத்து 25 முதல் 30 நிமிடம் விடுங்கள். மேலே சிவக்காது, ஆனால் உள்ளே நன்றாக வெந்திருக்கும். மூடியின் உள்பக்கம் துணி கட்டினால் நீர் சொட்டாது. துணியின் நுனிகளை மேலே தூக்கி முடிச்சுப் போடுங்கள், தீயருகே தொங்கக் கூடாது.

வெந்ததும் ஐந்து நிமிடத்தில் தட்டிலிருந்து எடுத்துக் கம்பி வலையில் வையுங்கள். தட்டிலேயே கிடந்தால் ஆவி அடியில் இறங்கி ஈரமாகும். பழம் இருப்பதால் வெளியே ஒரு நாளுக்கு மேல் தாங்காது. முழுவதும் ஆறிய பிறகு டப்பாவில் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள் இருக்கும். சாப்பிடும் முன் 150 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டி எடுங்கள்.