நாவலும் கருத்துக்கேட்புக் கூட்டமும்: என் வகுப்பில் இரண்டும் பாடம்

வணக்கமுங்க. கோவையில் பல்கலைக்கழகத்தில் சூழலியல் இலக்கியம் நடத்துகிறேன் என்றால், 'மரம், பறவை, கவிதையா? நல்ல வேலைதான்' என்று சொந்தக்காரர்களே சிரிக்கிறார்கள். சரி, அங்கே என்னதான் நடக்கிறது என்று இன்றைக்குப் பேசிவிடலாம்.

என் வகுப்பில் சாயப்பட்டறை நடத்தும் வீட்டுப் பிள்ளையும் இருக்கிறது, நொய்யல் கரையில் தென்னை கருகிப்போன வீட்டுப் பிள்ளையும் இருக்கிறது. அம்மாவின் பனியன் கம்பெனி சம்பளத்தில் படிக்கிறவர்கள் எந்தப் பக்கமும் சேராமல் உட்கார்ந்திருப்பார்கள். இங்கே ஆற்றைப் பற்றி என்ன பேசினாலும் யாரோ ஒருவர் வீட்டுச் சோறு அதில் வந்துவிடும்.

பேரூர்ப் புராணத்தில் கச்சியப்ப முனிவர் காஞ்சிமாநதி என்று பாடியது இந்த நொய்யலைத்தான். இதில் பாசனத்துக்கென்று கட்டியது ஒரத்துப்பாளையம் அணை. 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. திருப்பூர்ச் சாயக்கழிவு அதில் வந்து தேங்கியது. கடைசியில் விவசாயிகளே 'அணையில் தண்ணீர் தேக்காதீர்கள்' என்று கேட்கும்படி ஆனது. மழைக்கு வானம் பார்க்கிற காங்கயம், சென்னிமலைப் பக்கத்தில் அப்படி ஒரு கோரிக்கை! வழக்கு நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்டவை நின்றன. அந்த உத்தரவைக் கொண்டாடிய வீடும் உண்டு, அடுப்பு எரியாத வீடும் உண்டு.

அதனால் திருப்பூர்ச் சாயக்கழிவைப் பற்றிய சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' நாவலை எடுத்தாலே வகுப்பு இரண்டாகிவிடும். நான் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன். எதிர்த்துப் பேசும் முன், எதிரில் இருப்பவர் சொன்னதை, அவரே 'ஆமாங்க, அதைத்தான் சொன்னேன்' என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். பாதிப் பேர் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். டிவி விவாதம் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், பாவம்.

அப்புறம் நாவலுக்குப் பக்கத்திலேயே இன்னொன்றையும் படிக்க வைக்கிறேன்: கருத்துக்கேட்புக் கூட்டத்தின், அதாவது ஒரு திட்டத்துக்கு அனுமதி தரும் முன் ஊர் மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டத்தின், நடவடிக்கைக் குறிப்பு. கல்குவாரிக்கு நடந்தது ஒன்று கிடைத்தால் போதும். ஒரு பாட்டி மைக்கைப் பிடித்துக் கிணறு, ஆடு, வெடிச் சத்தத்தில் அலறும் பேரன் என்று நெடுநேரம் பேசியிருப்பார். குறிப்பில் 'தூசு வருவதாகத் தெரிவித்தார்' என்று இருக்கும். எதிரே குவாரிக்காரர் பதில்: 'தண்ணீர் தெளிக்கப்படும்.'

இதைப் பார்த்ததும் பிள்ளைகள் சிரிப்பார்கள், கோபப்படுவார்கள். அரசாங்கத் தமிழ் அப்படித்தான் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். சொன்ன கருத்துகளையெல்லாம் பிசகாமல் பதிவு செய்து, கூட்டம் முடியும்போது மக்கள் முன்னால் அவர்கள் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். 'என் பேச்சு இதில் முழுசாக இல்லையே' என்று அந்தப் பாட்டி அங்கேயே எழுந்து கேட்கலாம். கேட்க அவருக்கு உரிமை உண்டு என்று பக்கத்தில் யாராவது சொன்னால்தானே?

நாவல் அந்தப் பேரனின் அலறலைக் காப்பாற்றி வைக்கும். ஆனால் நாவலுக்கு யாரும் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயமில்லை. குறிப்பில் ஏறிய ஒரு வரிக்குக் குவாரிக்காரர் பதில் எழுதித்தான் ஆக வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் கார்சன் 1962இல் பூச்சிக்கொல்லிகளின் கேட்டைப் பற்றி 'மௌன வசந்தம்' எழுதினார். அடுத்த ஆண்டே அமெரிக்க செனட் குழு முன்னால் போய் சாட்சியம் சொன்னார். இரண்டு வேலையும் ஒரே ஆள் செய்தது.

ஆகவே என் பிள்ளைகளுக்கு வேலை இதுதான். ஊரில் ஒரு பெரியவரிடம் ஆற்றைப் பற்றிக் கேட்டு, அவர் பேச்சை அப்படியே எழுத வேண்டும். பிறகு அதே பேச்சை, விஷயம் ஒன்றும் சாகாமல், குறிப்பில் ஏறுகிற மாதிரி ஐந்து வரியாக்க வேண்டும். அந்த ஐந்து வரியைப் பெரியவரிடமே வாசித்துக் காட்டி, அவர் சரி என்றால்தான் மதிப்பெண். சிலரைப் பெரியவர்கள் நாலு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதில் எனக்கு ரொம்பத் திருப்தி.