ஓபர்லின்: கல்லூரிக்காகவே பிறந்த ஊர்

(திரையில்: ஒஹாயோ மாநில வரைபடம், க்ளீவ்லாந்துக்குத் தென்மேற்கே ஒரு புள்ளி)

ஊர் முதலில் வரும், கல்லூரி அப்புறம் வரும். இதுதான் வழக்கம். அமெரிக்காவின் ஒஹாயோவில் உள்ள ஓபர்லினில் இரண்டும் சேர்ந்தே வந்தன. 1833-இல் ஜான் ஷிப்பர்ட் என்ற பாதிரியாரும், மிஷனரியாக இருந்த ஃபிலோ ஸ்டூவர்ட்டும் சேறும் களிமண்ணுமான காட்டு நிலத்தில் மரங்களை வெட்டித் தொடங்கினார்கள். குடியேற வந்தவர்களுக்கு ஓர் உறுதிமொழிப் பத்திரம் இருந்தது. எளிய சாப்பாடு, எளிய உடை. புகையிலை மருந்துக்கு மட்டும். முடிந்தவரை டீ, காபி கூட வேண்டாம்!

இரண்டே வருஷத்தில் பணம் தீர்ந்துபோனது. அதே சமயம் சின்சினாட்டியில், அடிமை முறையைப் பற்றிப் பேசக்கூடாது என்ற தடையை எதிர்த்து லேன் இறையியல் கல்லூரி மாணவர்கள் பலர் வெளியேறியிருந்தார்கள். அவர்களைச் சேர்த்துக்கொண்டால், அடிமை முறையை எதிர்த்த நியூயார்க் வணிகர்களான டாப்பன் சகோதரர்களின் பணமும் வரும். ஆனால் கறுப்பின மாணவர்களையும் சேர்த்தாக வேண்டும். 1835-இல் நிர்வாகக் குழுவில் வாக்குகள் சமமாகப் பிரிந்தன. தலைவர் ஜான் கீப் போட்ட வாக்குதான் கறுப்பினத்தவருக்குக் கதவைத் திறந்தது. கொள்கை பாதி, பணமுடை பாதி. அதற்காக அந்த முடிவின் மதிப்பு குறைந்துவிடாது என்பது என் எண்ணம்.

பெண்கள் விஷயத்திலும் இப்படித்தான். 1837-இல் நான்கு பெண்கள் பட்டப்படிப்பில் சேர்ந்தார்கள், 1841-இல் மூவர் பட்டம் வாங்கினார்கள். ஆனால் ஆண் மாணவர்களின் துணியைத் துவைத்துத் தைத்துக் கொடுத்ததும் பெண்கள்தான். 1847-இல் பட்டமளிப்பு விழாவுக்கு மாணவி லூசி ஸ்டோன் கட்டுரை எழுதலாம், ஆனால் மேடையில் அதை ஓர் ஆண்தான் வாசிப்பார் என்றார்கள். சரி, அப்படியானால் எழுதவே மாட்டேன் என்று மறுத்துவிட்டார்.

(திரையில்: வெலிங்டன் செல்லும் சாலை)

இப்போது 1858, செப்டம்பர் 13. கென்டக்கியில் அடிமையாக இருந்து தப்பி வந்த ஜான் பிரைஸ் ஓபர்லினில் வாழ்ந்துவந்தார். உருளைக்கிழங்கு தோண்ட ஆள் வேண்டும் என்று ஒரு பையன் வண்டியில் ஏற்றிப் போனான். அது அடிமை பிடிப்பவர்கள் 20 டாலர் பேசி விரித்த வலை. வழியில் எதிரே ஒரு வண்டி வந்தபோது பிரைஸ் உதவி கேட்டுக் கத்தினார். செய்தி ஊருக்குள் வந்தது, அவ்வளவுதான். மாணவர்கள், கடைக்காரர்கள், கறுப்பரும் வெள்ளையருமாக ஒரு பெருங்கூட்டம் சுமார் 15 கிலோமீட்டர் தள்ளியிருந்த வெலிங்டனுக்கு விரைந்தது. தெற்கே போகும் ரயிலுக்காக பிரைஸை அங்கே ஒரு ஹோட்டலின் மாடி அறையில் அடைத்து வைத்திருந்தார்கள். கூட்டம் உள்ளே புகுந்து அவரை மீட்டது. பிற்காலத்தில் கல்லூரியின் தலைவரான பேராசிரியர் ஜேம்ஸ் ஃபேர்சைல்டின் வீட்டில் ஒளித்துவைத்து, கனடாவுக்கு அனுப்பினார்கள்.

தப்பிய அடிமைக்கு உதவுவது அன்றைய சட்டப்படி குற்றம். அதனால் 37 பேர் மீது வழக்கு. முழு விசாரணை நடந்து தண்டனை பெற்றவர்கள் இரண்டே பேர்: சைமன் புஷ்னெலுக்கு 60 நாள், சார்லஸ் லாங்ஸ்டனுக்கு 20 நாள். இதற்கிடையே உள்ளூர் அதிகாரிகள் அடிமை பிடிக்க வந்தவர்கள் மீதே ஆள்கடத்தல் வழக்குப் போட்டார்கள். இந்த எதிரடிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கடைசியில் இரு தரப்பும் பேசி மற்ற வழக்குகளைக் கைவிட்டன.

மீட்கப் போன ஜான் கோப்லாண்ட் அடுத்த வருஷமே, அடிமை முறையை ஒழிக்க ஆயுதம் ஏந்திய ஜான் பிரவுன் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதக் கிடங்கின் மீது நடத்திய தாக்குதலில் சேர்ந்து தூக்கில் ஏறினார்.

(திரையில்: விறகுக் கொட்டகை)

1886 பிப்ரவரியில், இந்தக் கல்லூரியில் பட்டம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத சார்லஸ் மார்ட்டின் ஹால் தன் வீட்டு விறகுக் கொட்டகையில் மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரித்தெடுத்தார். அதுவரை விலையுயர்ந்த உலோகமாக இருந்தது அடுப்படிப் பாத்திரமானது. பக்கத்தில் இருந்து வேலையைக் கவனித்து, குறிப்பெடுக்க உதவிய அக்கா ஜூலியாவின் பெயரை யாரும் அதிகம் சொல்வதில்லை. ஹால் இறந்தபோது சொத்தில் மூன்றில் ஒரு பங்கு கல்லூரிக்கு வந்தது.

ஒரு கிளைக்கதை: இந்தக் கல்லூரியின் பட்டதாரிகள் மதுரை லேடி டோக் கல்லூரிக்கும் ஆங்கிலம் கற்பிக்க வந்திருக்கிறார்கள்.

ஆனால் ஊரும் கல்லூரியும் எப்போதும் கைகோத்து நின்றதாக நினைக்க வேண்டாம். 2016-இல் ஒரு பழைய பேக்கரியில், கறுப்பின மாணவர் ஒருவர் திருடியதாகச் சொல்லித் தகராறு நடந்தது. இனவெறிக் கடை என்று மாணவர்கள் போராடினார்கள். அந்தப் போராட்டத்துக்குக் கல்லூரி துணைநின்றதாகச் சொல்லி, கடைக்காரர்கள் கல்லூரி மீது அவதூறு வழக்குப் போட்டார்கள். ஜூரி கடைக்காரர்கள் பக்கம் நின்றது, மேல்முறையீடும் தோற்றது. 2022-இல் கல்லூரி கட்டிய தொகை 3.6 கோடி டாலருக்கு மேல்.