எரிமலைக் கரையில் ஓர் அடைக்கலம்

பெரியோர்களே, நண்பர்களே,

பசிபிக் பெருங்கடலின் நடுவே இருக்கும் ஹவாய்த் தீவின் மேற்குக் கரையில், கைலுவா-கோனா நகரிலிருந்து தெற்கே சுமார் 35 கிலோமீட்டர் சென்றால் புஉஹோனுவா ஓ ஹோனவுனவு என்னும் தேசிய வரலாற்றுப் பூங்கா வருகிறது. சுற்றுலாப் பயணிகளில் பலர் ஆமைகளைப் பார்ப்பதற்காகவும், பக்கத்து விரிகுடாவில் முகமூடி அணிந்து நீந்தி மீன்களைப் பார்ப்பதற்காகவும் அங்கே வருகிறார்கள். வழியில் இருப்பதால் அங்குள்ள பழைய கல் மதிலையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்த மதிலின் முன் சற்று நேரம் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன். சிறு தவறுக்கும் உயிரைப் பறித்த ஒரு சட்டம், தன்னுடைய அங்கமாகவே மன்னிப்புக்கும் ஓர் இடத்தைக் கல்லால் கட்டி வைத்திருந்தது என்பதற்கு அந்த மதிலே சான்று.

முதலில் அந்த மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹவாய்த் தீவு முழுவதும் எரிமலைகள் எழுப்பிய நிலம். கோஹாலா, மௌனா கேயா, ஹுவலாலாய், மௌனா லோவா, கீலவேயா என்னும் ஐந்து எரிமலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து அதை உருவாக்கின. ஹோனவுனவு இருப்பது மௌனா லோவாவிலிருந்து வழிந்து கடல்வரை வந்து உறைந்த எரிகுழம்பின் மேல். அந்த மலை இன்றும் அடங்கிவிடவில்லை. 1950-இல் அது வெடித்தபோது எரிகுழம்பு மலைச்சரிவில் பாய்ந்து, சில மணி நேரத்திற்குள் இதே கோனாக் கரையில், பூங்காவுக்குத் தெற்கே கடலைத் தொட்டது. வழியில் இருந்த ஊர் அழிந்தது, உயிர்ச்சேதம் மட்டும் நேரவில்லை. கடைசியாக 2022-இல் வெடித்தது. இப்படிப்பட்ட மலையின் அடிவாரத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களுக்குத் தெய்வத்தின் சினம் கண்ணெதிரே காணும் ஒன்றாக இருந்தது.

அவர்களுடைய வாழ்வை ஆண்ட விதிகளின் தொகுப்புக்குக் கப்பு என்று பெயர். ஆணும் பெண்ணும் ஒன்றாக அமர்ந்து உண்ணக் கூடாது. பன்றி இறைச்சி, தேங்காய், பெரும்பாலான வாழைப்பழ வகைகள் ஆகியவற்றைப் பெண்கள் தொடக் கூடாது. தலைவனின் நிழல் விழுந்த இடத்தை மிதிக்கக் கூடாது. காலம் தவறி மீன் பிடிக்கக் கூடாது. மீறியவனுக்கு மரணம். இதைக் கேட்டவுடன் கொடுமை என்று நாம் ஒதுக்கிவிடுவோம். கொடுமை என்பதை நான் மறுக்கவும் இல்லை. ஆயினும் அதன் உள்ளே ஓடிய காரணத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். ஒருவன் விதியை மீறினால் தெய்வங்கள் எரிகுழம்பாகவும் நிலநடுக்கமாகவும் பஞ்சமாகவும் கடற்கோளாகவும் ஊரையே தண்டிக்கும் என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். ஆகவே குற்றவாளியைத் துரத்திச் சென்று கொல்வது ஊரைக் காப்பாற்றும் கடமையாக அவர்களுக்குத் தோன்றியது.

அப்படித் துரத்தப்பட்டவனுக்கு இருந்த ஒரே வழி, இந்த மதிலுக்கு அப்பால் போய்ச் சேர்வது. ஆனால் மதிலை ஒட்டிய நிலம் அரச குடும்பத்தார் வாழ்ந்த வளாகம். எளிய மக்கள் அதற்குள் நுழைவதே இன்னொரு குற்றம். ஆகவே தப்பி வந்தவர்கள் பெரும்பாலும் விரிகுடாவை நீந்திக் கடந்தே உள்ளே வர வேண்டியிருந்தது. உள்ளே கால் வைத்த பிறகு, துரத்தி வந்தவர் யாராக இருந்தாலும் தொட முடியாது. பூசாரி சடங்கு செய்து அவன் குற்றத்தைக் கழிப்பார். சில மணி நேரத்திலோ மறுநாளோ அவன் வீடு திரும்பலாம். அதன்பின் அவனை ஒருவரும் பழி சொல்ல முடியாது. போர்க்காலத்தில் முதியவர்களும் குழந்தைகளும், தோற்ற படையினரும்கூட இங்கே தஞ்சம் புகுந்தார்கள்.

இந்தக் கருணைக்கு இவ்வளவு வலிமை எங்கிருந்து வந்தது? மதிலின் ஓரத்தில், கடலை ஒட்டி நிற்கும் ஹாலே ஓ கேயாவே என்னும் சிறு கோயிலிலிருந்து வந்தது. 23 தலைவர்களின் எலும்புகள் அதனுள் வைக்கப்பட்டிருந்தன. பெருந்தலைவர்களின் உடலில் மானா என்னும் தெய்வ ஆற்றல் உறைகிறது, இறந்த பின்னும் எலும்பில் அது தங்குகிறது என்பது அவர்களுடைய நம்பிக்கை. எந்தத் தலைவனின் நிழலை மிதித்ததற்காக ஒருவன் சாக வேண்டியிருந்ததோ, அந்தத் தலைவனின் முன்னோருடைய எலும்புகளே அவனுக்குக் காவலாக நின்றன. தண்டனையும் மன்னிப்பும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்தவை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறொன்றை நான் அறியேன்.

இனி மதிலுக்கு வருவோம். 950 அடிக்கு மேல் நீளம், 12 அடி உயரம், 18 அடி அகலம். நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை. சுண்ணாம்போ வேறு சாந்தோ ஒரு துளியும் இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தால், வெளிமுகத்தில் பெரிய கற்களைத் தட்டையான பக்கம் வெளியே தெரியும்படி ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, இடைவெளிகளில் சிறு கற்களைச் செருகி, உள்ளே சரளையை நிரப்பியிருப்பது தெரிகிறது. சில கற்களில் எரிகுழம்பு உறைந்தபோது காற்றுக்குமிழிகள் விட்டுச் சென்ற நுண்துளைகளை எண்ணிவிடலாம் போலிருக்கும். எந்த மலையின் சீற்றத்துக்கு அஞ்சி அந்தச் சட்டம் பிறந்ததோ, அதே மலை கக்கிய கல்லைக் கொண்டே அடைக்கலத்தின் சுவரையும் எழுப்பியிருக்கிறார்கள்.

நான் அங்கே இருந்த பிற்பகலில் கரும்பாறையின் வெப்பம் செருப்பைத் தாண்டி உள்ளங்காலில் ஏறியது. அரச வளாகத்தில் ஒரு தட்டைக் கல்லின் மேல் வரிசை வரிசையாகக் குழிகள் வெட்டப்பட்டிருந்தன. கரிய எரிமலைக் கூழாங்கற்களும் வெள்ளைப் பவளத் துண்டுகளும் அவற்றில் மாறி மாறி வைக்கப்பட்டிருந்தன. கோனானே என்னும் விளையாட்டுக்கான பலகை அது. அருகில் நம் ஊர் நுணாவின் நெருங்கிய உறவான நோனிச் செடி காய்த்து நின்றது. தலைவர்களின் படகுகள் மட்டுமே கரையேறிய சிறு மணல்துறையில் பச்சை ஆமைகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. அந்தத் துறையில் இன்று யாரும் நீந்தவோ துண்டு விரித்துப் படுக்கவோ அனுமதி இல்லை. நீந்த விரும்புவோர் பூங்காவுக்கு வெளியே, வடபுறத்து விரிகுடாவுக்குச் செல்லலாம். இந்தக் கட்டுப்பாட்டைச் சிலர் குறை சொல்வதுண்டு. எனக்கு அது முற்றிலும் சரியென்றே படுகிறது, ஏனெனில் அந்தத் தலைவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வந்து வழிபடுகிறார்கள். ‘தீ’ (ti) என்னும் செடியின் இலையில் பொதிந்து அவர்கள் வைத்துச் சென்ற காணிக்கைகளைப் படையல் மேடையில் காணலாம். அவற்றைத் தொடாமலும், சுவரின் மேல் ஏறாமலும், கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாமலும் வருவது நம்மால் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை.

உள்ளே சாய்ந்து கிடக்கும் ஒரு பெரும் பாறைக்குக் காஅஹுமானு என்னும் அரசியின் பெயர் இருக்கிறது. தீவுகளை ஒன்றிணைத்த மன்னர் முதலாம் காமேஹாமேஹாவின் அன்பு மனைவி அவர். கணவனோடு பிணங்கி, கடலில் நீந்தி வந்து அந்தப் பாறையின் அடியில் ஒளிந்துகொண்டார் என்றும், கூடவே வந்த நாய் குரைத்துக் காட்டிக்கொடுத்துவிட்டது என்றும், பிறகு இருவரும் சமாதானமானார்கள் என்றும் மரபுக் கதை சொல்கிறது. கதை அப்படியிருக்க, வரலாறு இன்னும் வியப்பானது. 1819-இல் காமேஹாமேஹா இறந்த சில மாதங்களில், இளம் மன்னர் லிஹோலிஹோவைப் பெண்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணச் செய்தவர்களில் முதன்மையானவர் இந்தக் காஅஹுமானுதான். ஒரு வேளைச் சாப்பாட்டில் கப்பு முறை முழுவதும் சரிந்தது. குற்றங்களே இல்லாமல் போனபின் அடைக்கலத்துக்கும் தேவை இல்லாமல் போயிற்று. கிறிஸ்தவராக மாறிய அவரே 1829-இல் ஹாலே ஓ கேயாவேயைப் பிரித்துவிட உத்தரவிட்டார், எலும்புகள் அகற்றப்பட்டன. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, இங்கிலாந்திலிருந்து வந்த ‘பிளாண்ட்’ கப்பலின் தலைவர் பைரன் பிரபுவும் அவருடன் வந்தவர்களும் கோயிலின் மரச்சிலைகள் பலவற்றை எடுத்துச் சென்றிருந்தார்கள்.

பெண்களைத் தனியே உண்ணவைத்த விதி ஒழிந்தது நன்மை என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. அதோடு சேர்ந்து, பகைவனையும் உள்ளே விட்ட அந்த வாசலின் நினைவும் அழிந்திருந்தால் அது பேரிழப்பாகியிருக்கும். 1823-இல் அங்கே சென்ற மதபோதகர் வில்லியம் எல்லிஸ் மதிலை அளந்தும் கோயிலை வரைந்தும் வைத்ததால் நமக்கு ஓரளவு விவரம் மிஞ்சியது. 1955-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்து, 1961-இல் ‘அடைக்கல நகரம்’ என்ற விவிலியச் சாயல் கொண்ட பெயரில் பூங்கா அமைந்தது. 1978-இல் ஹவாய்ப் பெயர் திரும்ப வந்தது. 1960-களில் கோயிலையும் மரச்சிலைகளையும் பழைய குறிப்புகளின்படி மீண்டும் எழுப்பினார்கள். ஆகவே இன்று நாம் பார்க்கும் கூரை புதியது. மதிலும் பழுதுபார்க்கப்பட்டதே, ஆயினும் அது நிற்பது பழைய இடத்தில்தான்.

இப்போது அதற்கு வேறு பக்கத்திலிருந்து ஆபத்து வருகிறது. தன் எரிமலைகளின் பாரத்தால் தீவு மெல்ல அமிழ்கிறது. கடல்மட்டமோ ஆண்டுதோறும் உயர்கிறது. பெரிய அலைகள் கோயில் மேடையின் அடியைத் தொடுகின்றன. பூங்காவின் கல் தச்சர்கள் சாந்தில்லாமல் கல்லடுக்கும் முன்னோர் முறையையே இன்றும் கையாண்டு சரிந்த பகுதிகளைச் சீர்செய்கிறார்கள், இளையவர்களுக்கும் கற்றுக்கொடுக்கிறார்கள். சிமென்ட் பூசிவிட்டால் வேலை விரைவில் முடியும். ஆனால் இந்தச் சுவரில் புகும் அலைநீர் கல்லுக்குக் கல் உள்ள இடுக்குகள் வழியே வடிந்துவிடுவதும், அதனால் உள்ளழுத்தம் தேங்காமலிருப்பதும் அந்த முறையின் பலம். நீங்கள் அங்கே செல்லும்போது அவர்கள் வேலையில் இருந்தால், ஆமைகளுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது அவர்களுக்கு ஒதுக்குங்கள்.