கட்டிலுக்குக் கீழே படுத்திருப்பவர்

பெரியோர்களே, தாய்மார்களே,

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவமனைக்கு ஒருவரைப் பார்க்கப் போகும்போது, ஆரஞ்சையும் ரொட்டியையும் கட்டிலில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து வாரக்கணக்கில் படுத்தெழும் மனைவியையோ மகளையோ 'சாப்பிட்டாயா?' என்று கேட்பவர் குறைவு. நான் பேச வந்தது அவரைப் பற்றி.

1995-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மறதிநோய் கண்ட உறவினரைப் பராமரித்துவந்த 13 பெண்களின் கையிலும், வயதிலும் வருமானத்திலும் அவர்களை ஒத்த, அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்களின் கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில் சிறு காயம் உண்டாக்கி, அது ஆறும் நாட்களைக் கணக்கிட்டார்கள். மற்றவர்களுக்குச் சராசரியாக 39 நாட்களில் ஆறிய புண், பராமரித்தவர்களுக்கு ஆற 48 நாட்களுக்கு மேலானது. ஓயாத கவலையில் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி, கார்டிசால் என்னும் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்க, காயம்பட்ட இடத்துக்கு வெள்ளணுக்களை அழைக்கும் வேதிச் செய்திகளை அது அடக்கிவிடுகிறது. இரத்தச் சர்க்கரையையும் அது ஏற்றும்.

என் தாயார் பக்கவாதத்தில் படுத்திருந்த எட்டு மாதமும் அக்காதான் உடனிருந்தாள். பீடி சுற்றிப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்த கையோடு, கடையில் வாங்கிய இலைக்கும் தூளுக்கும் கணக்கு முடித்தாக வேண்டும். அவள் காலில் பட்ட ஒரு சிறு புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. அவளுக்குச் சர்க்கரை இருப்பதே அதன்பின்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதை நினைக்கும்போது இன்றும் என் மனம் வலிக்கிறது.

உறவின் துணை ஆயுளைக் காக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. 148 ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளிவந்த ஆய்வு, வலுவான உறவுகள் உடையோர் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு கூடுதல் என்றது. ஆயினும் மாரடைப்பு வந்த 2,481 பேரிடம், மனச்சோர்வையும் தனிமையையும் போக்க ஆலோசனை அளித்துப் பார்த்த 2003-ஆம் ஆண்டு ஆய்வில் இறப்பு குறையவில்லை. ஆகவே துணை இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது; ஆறுதல் வார்த்தையோடு நம் கடமை முடிந்ததென்றும் நான் கருதவில்லை.

எங்கள் தெருவில் ஓர் ஆச்சி இருந்தார். ஒருநாள் அந்தி சாயும் நேரத்தில் தலையணையோடு வந்து அக்காவிடம், "ஏட்டி, நீ போயி ஒறங்கு, இன்னைக்கி ராத்திரி அம்மைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அந்த எட்டு மாதத்தில் அக்கா விடியும்வரை உறங்கிய முதல் இரவு அது.