ஃபார்வா, ராட்ஜர்ஸா? இளையவர் பக்கம் நின்று பேசுகிறேன்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கேட்க வந்திருக்கும் அத்தனை பேருக்கும் வணக்கம்.

அணியை அனுபவம் பழுத்த குவார்ட்டர்பேக்கிடம் கொடுப்பதா, காத்திருக்கும் இளைஞனிடம் கொடுப்பதா என்பது தலைப்பு. நான் இளைஞன் பக்கம். பொதுவாகப் பேசினால் ஆளுக்கு ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கலாம், விடியும்வரை முடியாது. அதனால் ஒரே ஒரு வழக்கைக் கையில் எடுக்கிறேன். 2008-ல் கிரீன் பே பாக்கர்ஸ் அணி பிரெட் ஃபார்வை அனுப்பிவிட்டு ஆரன் ராட்ஜர்ஸை நிறுத்தியதே, அந்த வழக்கு. என் பக்கத்துக்கு இதைவிடச் சிக்கலான வழக்கு கிடையாது. ஏனென்றால் அனுப்பப்பட்டவர் ஓய்ந்துபோன ஆள் இல்லை.

அமெரிக்க ஃபுட்பால் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒவ்வொரு முறையும் பந்து குவார்ட்டர்பேக் கைக்கு வருகிறது, எதிரணி அவரைச் சாய்க்கப் பாய்ந்து வருகிறது, இரண்டு மூன்று நொடிக்குள் யாருக்கு எறிவது என்று அவர் முடிவெடுத்தாக வேண்டும். அந்த இடத்தில் ஒருவர்தான் நிற்க முடியும். மூத்தவருக்கும் ஒரு இடம், இளையவருக்கும் ஒரு இடம் என்று பங்கு போடும் வசதி இந்த விளையாட்டில் இல்லை.

எதிரணி நண்பர் ஃபார்வின் பெருமையைச் சொன்னார். அதில் ஒரு எழுத்தைக்கூட நான் குறைக்க மாட்டேன். 1992 செப்டம்பரில் அப்போதைய குவார்ட்டர்பேக் மஜ்கோவ்ஸ்கி அடிபட்டு வெளியேறியதும் உள்ளே வந்தவர், அடுத்த வாரத்திலிருந்து 2007 சீசன் முடியும்வரை ஒரு ஆட்டத்தைக்கூட விடவில்லை. 1995, 96, 97 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது, கடைசி ஆண்டு பாரி சாண்டர்ஸோடு பகிர்ந்துகொண்டது. 1997 ஜனவரியில் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் வெற்றி. கிரீன் பே ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழும் ஊர், அந்த அணிக்கு முதலாளி என்று ஒரு பணக்காரர் கிடையாது, ரசிகர்களே பங்குதாரர்கள். அப்படிப்பட்ட ஊரில் பதினாறு சீசன் ஆடியவரை அனுப்புவது என்றால், அது ஒவ்வொரு வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் நடக்கிற சண்டை. அந்தப் பாசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பாசத்தை வைத்து அடுத்த சீசனை ஆட முடியாது.

சரி, 2007-க்கு வருவோம். பாக்கர்ஸ் 13 வெற்றி, 3 தோல்வி. சூப்பர் பவுலுக்கு முந்தைய படியான என்எஃப்சி இறுதி ஆட்டம் சொந்த மண்ணில், லாம்போ ஃபீல்டில், 2008 ஜனவரி 20. குளிர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். நியூயார்க் ஜயன்ட்ஸோடு 20-20 சமன், ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போகிறது, டாஸ் பாக்கர்ஸுக்கு, பந்து ஃபார்வ் கையில். இரண்டாவது முயற்சியிலேயே சக ஆட்டக்காரர் டிரைவருக்கு எறிகிறார், ஜயன்ட்ஸின் கோரி வெப்ஸ்டர் நடுவில் புகுந்து பிடித்துவிடுகிறார். அப்புறம் 47 யார்டிலிருந்து ஜயன்ட்ஸின் டைன்ஸ் உதைத்த உதையில் ஆட்டம் முடிந்தது. பாக்கர்ஸ் சீருடையில் ஃபார்வ் எறிந்த கடைசிப் பந்து அதுதான்.

ஒரு எறிதலை வைத்து ஒருவரை எடைபோடுகிறாயா என்று எதிரணி கேட்கலாம். அப்படிப் போடவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுகளையும் பாருங்கள்: 2005-ல் 29 இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிடுவது), அணிக்கு நான்கே வெற்றி, 2006-ல் 18. நடுவில் 2007 என்ற அருமையான ஆண்டு வந்தது, உண்மைதான். ஆனால் 38 வயதுக்காரரிடம் அடுத்து வருவது 2007-ஆ 2005-ஆ என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? பழைய ஆட்டத்தை அவர் மறந்துவிட மாட்டார். உடம்பு எப்போது ஒத்துழைக்க மறுக்கும் என்பதுதான் கேள்வி, அது முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை.

மார்ச்சில் ஃபார்வ் கண்ணீரோடு ஓய்வை அறிவித்தார். கிளப் அதை நம்பி வேலையைத் தொடங்கியது. பயிற்சியாளர் மைக் மெக்கார்த்தி ராட்ஜர்ஸை மையமாக வைத்துப் பயிற்சியை நடத்தினார், புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அவனுக்குப் பின்னால் நிற்க பிரையன் பிராமையும் மாட் ஃப்ளின்னையும் எடுத்தார்கள். ஜூலையில் ஃபார்வ் திரும்பி வர வேண்டும் என்கிறார். இப்போது பொது மேலாளர் டெட் தாம்சன் என்ன செய்ய வேண்டும்? மூன்று ஆண்டு பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்தவனிடம், நான்கு மாதம் "இது உன் அணி" என்று சொன்னவனிடம், "தம்பி, இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்கோ" என்பதா?

அந்தத் தம்பி தயாரா இல்லையா என்பதற்குக் கையில் ஆதாரம் இருந்தது, நடுவர் அவர்களே. இதை எதிரணி தொடவே இல்லை. 2007 நவம்பர் 29, டாலஸ் அணியோடு ஆட்டம். இரண்டு அணிகளும் அதுவரை 10 வெற்றி, 1 தோல்வி. ஃபார்வ் எறிந்த 14-ல் 5 மட்டுமே சேர்ந்தன, இரண்டு எதிரணி கைக்குப் போயின, முழங்கையில் அடிபட்டு வெளியேறினார். டாலஸ் 27-10 என்று முன்னிலை. பெரிய ஆட்டத்தின் நடுவில், தயாராக நேரமே இல்லாமல் உள்ளே வருகிறான் ராட்ஜர்ஸ், 26-ல் 18 சேர்க்கிறான், 201 யார்டு, ஒரு டச் டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது). ஸ்கோரை 27-24 வரை இழுத்துக்கொண்டு வந்தான். ஆட்டம் 37-27 என்று தோல்வியில்தான் முடிந்தது. ஆனால் அந்த இரவு அந்த அணியில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, இவன் தயார் என்று.

இன்னொன்றும் இருக்கிறது, ரசிகர்கள் அதிகம் பேசாத விஷயம். 2005 டிராஃப்டில் 24-வது ஆளாக எடுக்கப்பட்ட ராட்ஜர்ஸின் முதல் ஒப்பந்தம் 2009 சீசனோடு முடிகிறது. ஃபார்வை 2008-லும் ஆடவிட்டால், அவன் முழு சீசன் ஆடிப் பார்க்க மிச்சமிருப்பது ஒரே ஆண்டு. நீண்ட ஒப்பந்தம் கொடுப்பதா வேண்டாமா என்று கிளப்புக்கும் தெரியாது, அவனுக்கும் பொறுமை இருக்காது. பெஞ்சில் உட்கார வைப்பதால் இளைஞனைப் பத்திரப்படுத்தி வைக்கிறோம் என்று நினைப்பது தப்புக் கணக்கு. அவன் அங்கே இருக்கும்போதே கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறான்.

ராட்ஜர்ஸ் நன்றாக வந்ததே மூன்று ஆண்டு ஃபார்வின் பின்னால் நின்று கற்றதால்தான் என்று ஒரு வாதம் வந்தது. ஒத்துக்கொள்கிறேன், முழு மனதோடு. நாற்றங்காலில் நிற்கிற காலம் நாற்றுக்கு வேண்டும். ஆனால் பறிக்க வேண்டிய நாளில் பறித்து நடாமல் அங்கேயே விட்டால் அது முற்றிப்போகும், அப்புறம் எந்த வயலில் நட்டாலும் சரியாகத் தூர் கட்டாது. மூன்று ஆண்டு போதும் என்பதை டாலஸ் காட்டியது. கான்சாஸ் சிட்டி அணி ஒரே ஆண்டில் முடித்துக்கொண்டது: 2017-ல் அலெக்ஸ் ஸ்மித் அவருடைய வாழ்நாளின் சிறந்த சீசனை ஆடினார், அப்படியிருந்தும் அவரை வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டு, ஓராண்டு காத்திருந்த இளைஞன் மஹோம்ஸை இறக்கினார்கள். 2018-ல் மஹோம்ஸ் எறிந்தது 50 டச் டவுன்.

2008 ஆகஸ்ட் 3-ஐ மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்கிறேன். லாம்போவில் குடும்பங்கள் வந்து பார்க்கிற பயிற்சி ஆட்டம். அதே மாலை ஃபார்வின் விமானம் கிரீன் பேயில் இறங்குகிறது. மைதானத்தில் 24 வயதுப் பையன், தன் சொந்த அணியின் ரசிகர்கள் முன்னால், ஒரு எறிதல் தவறினால் கூட்டத்திலிருந்து கேலிக் கூச்சல் வருகிறது. அவன் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, அடுத்த பந்தை எடுத்தான். சில நாளில் ஃபார்வ் நியூயார்க் ஜெட்ஸ் அணிக்குப் போனார். குவார்ட்டர்பேக்குக்கு வேண்டிய நெஞ்சுரம் அனுபவத்தில்தான் வரும் என்கிறீர்களே நண்பர்களே, அன்று அங்கே நின்றது என்ன?

இனி எதிரணியின் பெரிய ஆயுதங்கள். ஒன்று, 2008-ல் பாக்கர்ஸ் 6-10 என்று விழுந்தது. விழுந்தது உண்மை. ஆனால் அந்தப் பத்துத் தோல்வியில் ஏழு, நான்கு புள்ளிக்குள் போனவை. ராட்ஜர்ஸ் 4,038 யார்டு, 28 டச் டவுன், 13 இன்டர்செப்ஷன், எறிகிற தோளில் அடியோடு ஆடியும் ஒரு ஆட்டத்தைக்கூட விடவில்லை. அதே ஆண்டு ஜெட்ஸில் ஃபார்வ்? 8-3 என்று ஓடிக்கொண்டிருந்த அணி கடைசி ஐந்தில் நான்கைத் தோற்று 9-7-ல் நின்றது. 22 டச் டவுன், 22 இன்டர்செப்ஷன். கையில் தசை கிழிந்திருந்தது என்றார்கள். அதைத்தான் நானும் சொல்கிறேன், அந்த வயதில் அது நடக்கும்.

இரண்டாவது ஆயுதம் 2009, இது கூர்மையானது. மினசோட்டா வைக்கிங்ஸ் சீருடையில், 40 வயதில், 33 டச் டவுன், 7 மட்டுமே இன்டர்செப்ஷன், பழைய அணியை இரண்டு முறையும் தோற்கடித்தார். பாக்கர்ஸ் ரசிகர்களுக்கு அதைவிட வலித்த ஆண்டு இருக்காது. மறுக்கவில்லை, மகத்தான சீசன். ஆனால் என்எஃப்சி இறுதி ஆட்டத்தில், 28-28-ல், சில நொடிகளே மிச்சம் இருக்கும்போது, ஓடிக்கொண்டே உடம்புக்குக் குறுக்கே எறிந்த பந்து செயின்ட்ஸின் டிரேசி போர்ட்டர் கையில். மறுபடியும் கூடுதல் நேரம், மறுபடியும் தோல்வி. அடுத்த ஆண்டு 11 டச் டவுன், 19 இன்டர்செப்ஷன், ஒரு ஆட்டமும் விடாமல் ஆடிவந்த 297 ஆட்டத் தொடர் அறுந்தது. அதே சீசன் பாக்கர்ஸ் கடைசி இடத்தில் பிளே ஆஃப் என்ற நாக்அவுட் சுற்றுக்குள் நுழைந்து, 2011 பிப்ரவரி 6 அன்று பிட்ஸ்பர்க்கை 31-25 என்று வென்றது. சூப்பர் பவுலின் சிறந்த ஆட்டக்காரர், அன்று கேலிக் கூச்சல் வாங்கிய பையன். அதற்குப் பிறகு நான்கு முறை லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது. ஃபார்வை வைத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியது ஒரே ஒரு நல்ல சீசன், அதுவும் நிச்சயமில்லை.

குவார்ட்டர்பேக் டாம் பிராடி 43 வயதில் டாம்பா அணிக்கு சூப்பர் பவுல் வாங்கிக் கொடுத்தாரே என்றார் நண்பர். வாங்கிக் கொடுத்தார். அந்த பிராடி உள்ளே வந்த கதையையும் சொல்லியிருக்கலாம். 2001 மார்ச்சில் நியூ இங்கிலாந்து அணியின் மூத்த குவார்ட்டர்பேக் பிளெட்சோவுக்குப் பத்தாண்டு, 103 மில்லியன் டாலர் ஒப்பந்தம். செப்டம்பரில் அவர் அடிபட்டார். நவம்பரில் குணமாகி வந்தபோது, டிராஃப்டில் 199-வது ஆளாக எடுக்கப்பட்ட பையன் பிராடியைப் பயிற்சியாளர் பெலிசிக் மாற்றவில்லை. மூத்தவருக்கு இடம் பத்திரமாக இருந்திருந்தால் பிராடி என்று ஒருவரே நமக்குத் தெரிந்திருக்காது. குவார்ட்டர்பேக் டிரூ பிரீஸை விட்டுவிட்டு சான் டியாகோ ஏமாந்ததைச் சொன்னார்கள், அப்போது பிரீஸுக்கு வயது 27, அவரை மூத்தவர் கணக்கில் சேர்க்காதீர்கள்.

2023-ல் அதே கிரீன் பே ராட்ஜர்ஸையே அனுப்பிவிட்டு, மூன்று ஆண்டு காத்திருந்த ஜோர்டன் லவ்வை இறக்கியது. முதல் சீசனிலேயே பிளே ஆஃபில் டாலஸை அதன் மைதானத்தில் 48-32 என்று வென்றார்கள். ஜெட்ஸுக்குப் போன ராட்ஜர்ஸ் முதல் ஆட்டத்தின் நான்காவது ஸ்னாப்பிலேயே (பந்து நான்காவது முறை கைக்கு வந்தபோதே) குதிகால் தசைநாண் அறுந்து அந்த சீசன் முழுக்க வெளியே இருந்தார். எனக்கு மிகவும் பிடித்த ஆட்டக்காரர் அவர், அந்த இரவு மனசு கேட்கவில்லை. ஆனாலும் கிளப் எடுத்த முடிவு சரிதான்.

நடுவர் அவர்களே, எதிரணியிலிருந்து அடுத்துப் பேச வருபவர் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லட்டும். ஃபார்வை வைத்துக்கொண்டிருந்தால் ராட்ஜர்ஸை எந்த ஆண்டு இறக்கியிருப்பீர்கள்? 2009-ஆ, 2010-ஆ? ஆண்டைச் சொல்லுங்கள், அந்த ஆண்டு அவர் கிரீன் பேயில் இருந்திருப்பார் என்பதையும் காட்டுங்கள். நன்றி.