விடியும் வரை உட்கார்ந்தாரா?

வணக்கம் நேயர்களே. ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் புத்தகத்துக்கும் கலைகளுக்கும் ஒதுக்குகிற பக்கங்களை எப்படி ருசித்துப் படிப்பது என்று இன்று பேசப்போகிறேன். தினமணியில் தமிழ்மணி என்ற பகுதி வருகிறது. மற்ற நாளிதழ்களிலும் நூல் மதிப்புரை, இசை, நாடகம் என்று ஏதாவது இருக்கும். டீக்கடையில் பேப்பர் படிக்கிறவர்களுக்குத் தெரியும், இணைப்புதான் முதலில் தனியாகப் பிரிந்து காணாமல் போகும். அதனால் அதை முதலில் எடுத்துவிடுங்கள். கூடவே ஒரு பென்சில். மைப்பேனா வேண்டாம், அந்தத் தாளில் மை ஊறிப் பரவிவிடும்.

மதிப்புரையில் முதலில் பார்க்க வேண்டியது நூல் விவரம்: தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், பக்கம், விலை. மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயர் போட்டிருக்கிறார்களா? மறுபதிப்பு என்றால் முதல் பதிப்பு எந்த ஆண்டு? பதிப்பகத்தின் பெயரை அடிக்கோடிடுங்கள். ஒரே தலைப்பில் இரண்டு மூன்று புத்தகங்கள் இருப்பதுண்டு. தலைப்பை மட்டும் சொல்லி நூலகத்தில் கேட்டால் வேறு புத்தகம் கைக்கு வரும்.

அடுத்து ஒரே ஒரு கேள்வி. எழுதியவர் புத்தகத்தை முழுக்கப் படித்தாரா? மேற்கோள் எல்லாம் முன்னுரையிலிருந்தும் முதல் அத்தியாயத்திலிருந்தும் வந்தால் சந்தேகப்படுங்கள். பின்னட்டை வாசகம் அப்படியே வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரு குறையைச் சொல்லி, இன்ன இடத்தில் என்று காட்டியிருந்தால் அவர் படித்தவர். அவரை நம்பிப் புத்தகம் வாங்கலாம்.

இதே கேள்வியைத் தெருக்கூத்து பற்றிய கட்டுரையிலும் கேளுங்கள்: எழுதியவர் விடியும் வரை உட்கார்ந்து பார்த்தாரா? நம் வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதில் தனி உரிமை உண்டு. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தை ஊர் ஊராகப் பார்த்தவர்கள் நாம். கட்டுரை கோமாளியாக வருகிற கட்டியக்காரனின் வேடிக்கையையும், திரைக்குப் பின்னால் பாடுகிற திரை விருத்தத்தையும், வேஷக்காரர் திரை விலக்கி வருகிற அழகையும் சொல்லிவிட்டு, ‘கூட்டம் ரசித்தது’ என்று முடிகிறதா? எழுதியவர் நள்ளிரவுக்கு முன்பே எழுந்து போயிருப்பார். கர்ணன் போரில் மடிகிற கதையான கர்ண மோட்சத்தில் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறுகிற கட்டம் பெரும்பாலும் நடுநிசி தாண்டித்தான் வரும். அவன் சாய்வது விடியற்காலையில். அந்த நேரத்தில் நடிகர் குரல் எப்படி நின்றது, முகவீணை என்கிற சின்ன ஊதுகருவி எந்த இடத்தில் தாங்கிப் பிடித்தது, ஆட்டத்தின் அடவு தளர்ந்ததா தளரவில்லையா, இதையெல்லாம் விடியும் வரை உட்கார்ந்தவர்தான் எழுத முடியும். கிரீடமும் தோளில் கட்டுகிற புஜக்கட்டையும் மரத்தில் செய்தவை. கல்யாண முருங்கை போன்ற லேசான மரம்தான் என்றாலும், இரவு முழுக்கச் சுமந்து ஆடுகிறார்கள். ‘வண்ணமயமான ஒப்பனை’ என்று ஒரே வரியில் கடந்துபோகிற கட்டுரைக்கு அந்தப் பாரம் தெரியவில்லை. கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானைப் போன்றவர்கள் ஆடிய மண் இது. நம்மை அப்படி ஒரு வரியில் ஏமாற்றக் கூடாது. சொன்னதையே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: முதல் பாதியை மட்டும் பார்த்துவிட்டு எழுதுகிறவரை நம்பாதீர்கள், புத்தகமானாலும் கூத்தானாலும்.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். பத்திரிகைக்கு வந்து சேர்ந்த புத்தகங்களின் ‘வரப்பெற்றோம்’ பட்டியலைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். மதிப்புரையே கிடைக்காத சின்னப் பதிப்பகங்களின் உள்ளூர் வரலாறு, கவிதையெல்லாம் அங்கேதான் இரண்டு வரியில் இருக்கும், விட்டுவிடாதீர்கள். வெட்டி வைக்கிறவர்கள் வெட்டுவதற்கு முன்பே ஓரத்தில் நாளிதழ் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். மைதாப் பசையில் ஒட்டினால் கரப்பானும் ராமபாணப் பூச்சியும் வரும். செல்லோடேப் பழுப்பேறித் தாளில் கறை விடும். ஒட்டாமல் கோப்பில் செருகுங்கள். வேலூர் வெயில் படுகிற ஜன்னலோரம் வேண்டாம், செய்தித்தாளில் இருக்கிற லிக்னின் என்கிற மரப்பொருள் சீக்கிரம் மஞ்சளாக்கிவிடும். நெடுநாள் வேண்டியதை நல்ல தாளில் ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். வணக்கம்.