போகி, லாரி, கடைசி வண்டி

(சேலம் சூரமங்கலத்தில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. அச்சுக்காகக் கொஞ்சம் ஒழுங்கு செய்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். தலைவர் என்னை அறிமுகம் செய்யும்போது, பல வருடம் ரயில் ஓட்டியவர் என்றார். ஓட்டவில்லை ஐயா. நான் ரயிலுக்கு அடியில் குனிந்து கிடந்தவன். பெட்டிகளையும் வேகன்களையும் சோதித்துப் பராமரிக்கும் கேரியேஜ் அண்ட் வேகன் பிரிவு, எங்கள் வாயில் சி அண்ட் டபிள்யூ. ஜங்ஷனில் வண்டி வந்து நின்றதும் ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் நீளப் பிடி போட்ட சுத்தியல் வைத்துக்கொண்டு சக்கரத்தைத் தட்டிக்கொண்டே போவார்களே, அந்தக் கூட்டம். நல்ல சக்கரம் கணீரென்று பேசும். விரிசல் விட்ட சக்கரம் ஓட்டைப் பானை மாதிரி சத்தத்தை விழுங்கிவிடும்.

ரயில் வண்டிகளின் பெயர்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். 'வண்டி' என்ற சொல்லிலேயே வம்பு ஆரம்பிக்கிறது. "வண்டி வந்துடுச்சா?" என்று நாம் கேட்பது முழு ரயிலை. ரயில்வேக்காரர் வெஹிக்கிள் என்று எழுதினால் அது ஒற்றைப் பெட்டி. அப்படியானால் ரயில் என்பது எது? எங்களுக்குப் பொது விதிகள் என்று ஒரு புத்தகம் உண்டு, சுருக்கமாக ஜி.ஆர். அதன்படி ஓர் இன்ஜின், பின்னால் பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ரயில்தான். ஈரோடு ஷெட்டிலிருந்து ஒற்றை இன்ஜின் ஆளில்லா வீடு மாதிரி வெறுமனே வந்தாலும் அது ஒரு ரயில். சிக்னல், அனுமதி எல்லா மரியாதையும் அதற்கு உண்டு. தானாக ஓடும் எந்த வண்டியும் ரயில்தான். ஆனால் ஒரு நிபந்தனை: பாதையிலிருந்து சுலபமாகத் தூக்கிவிட முடியாததாக இருக்க வேண்டும்.

சரி, தூக்க முடிந்தால்? அதற்கும் விதி இருக்கிறது. பாதையைப் பார்வையிடும் இன்ஜினியர் உட்கார்ந்து வர, ஆட்கள் பின்னால் ஓடி ஓடித் தள்ளும் புஷ் டிராலி பார்த்திருப்பீர்கள். நாலு ஆள் சேர்ந்து அப்படியே தூக்கித் தண்டவாளத்தை விட்டு வெளியே வைக்க முடிந்தால் அது டிராலி. அதே மாதிரி வண்டி, ஆனால் அதைவிடக் கனம் என்றால் அதன் பெயர் லாரி. ஆமாம், லாரி! நீங்கள் சிரிக்கிறீர்கள். சங்ககிரியும் நாமக்கல்லும் பக்கத்தில் இருக்க, லாரி நம் சொத்து என்றுதான் நானும் வேலையில் சேர்ந்த புதிதில் நினைத்தேன். விதிப் புத்தகத்தில் லாரியைப் பார்த்ததும் அச்சுப் பிழை என்றே முடிவு கட்டிவிட்டேன். விஷயம் தலைகீழ். மோட்டார் வண்டி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, இங்கிலாந்தில் தண்டவாளத்தின் மேல் ஓடிய தட்டையான வண்டிக்கு லாரி என்று பெயர் இருந்தது. சாலைக்கு அந்தச் சொல் அப்புறம்தான் இறங்கியது. நாலு ஆள் பலத்தை அளவுகோலாக வைத்து ஒரு பெயரை நிர்ணயித்திருக்கிறார்கள் பாருங்கள், அது எனக்கு இன்றும் பிடித்த விஷயம். எதிரே ரயில் வந்தால் தூக்கி ஓரம் வைக்க முடியுமா, முடியாதா? அவர்களுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

அடுத்தது போகி. மார்கழிக் கடைசியில் வருகிற போகி இல்லை. "எந்த போகியில ஏறணும்?" என்று கேட்கிறோமே, அது. உண்மையில் போகி என்பது நாம் ஏறுகிற பெட்டி அல்ல, பெட்டிக்கு அடியில் இருக்கும் சக்கரச் சட்டம். இரண்டு அச்சு, நாலு சக்கரம், சுருள் வில், பிரேக் எல்லாம் சேர்ந்த தனி உறுப்பு. ஒரு பெட்டிக்கு இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று. பெட்டி அவற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வளைவு வந்தால் போகி தன் போக்கில் திரும்பும், மேலே பெட்டி அதைப் பின்பற்றும். கோயில் தேர் மூலை திரும்பப் படுகிற பாட்டை நினைத்துப் பாருங்கள். அச்சு திரும்பாது, முட்டுக்கட்டை போட்டு, சறுக்கி, நெம்பி, அரை மணி நேரம் ஆகும். போகி இல்லாத நீளப் பெட்டி தண்டவாளத்தில் அந்தக் கதிதான் படும். அதனால் பழைய நாலு சக்கரப் பெட்டிகள் எல்லாம் குட்டையாகவே இருந்தன. போகி வந்த பிறகுதான் பெட்டி நீண்டது. அந்தப் புது நீளப் பெட்டியை போகிப் பெட்டி என்று பிரித்துச் சொன்னார்கள். நம் ஜனங்கள் பெட்டியை விட்டுவிட்டு போகியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேலையில் இதனால் அவஸ்தைப்பட்டிருக்கிறேன். ஒரு நாள் ராத்திரி முந்தைய ஸ்டேஷன் ஒன்றிலிருந்து தகவல் வந்தது, "எஸ் 4 போகியில் ஒழுகல்" என்று. எண்ணெய் ஒழுகுகிறது என்று பதறி, ஆள் ஜாக்கி சகிதம் நின்று, வண்டி வந்ததும் நாலு பேர் அடியில் புகுந்தோம். ஒன்றும் இல்லை. மேலே கழிவறைக் குழாயில் தண்ணீர் சொட்டியிருக்கிறது!

சரக்கு வேகன் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எழுத்துகளிலும் இந்த போகி ஒளிந்திருக்கிறது. பி.சி.என். என்றால் போகி, மூடிய வண்டி, காற்று பிரேக். பி.டி.பி.என். என்றால் போகி, டேங்கர், பெட்ரோலியம், காற்று பிரேக். அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி கொண்டுபோய் அடி வழியாகக் கொட்டும் வகையும் பி-யில்தான் தொடங்கும். நாலு சக்கர வேகன் அநேகமாக ஒழிந்து போய்விட்டது, ஆனாலும் 'நான் எட்டுச் சக்கரக்காரன்' என்று ஒவ்வொரு வேகனும் இன்னும் சொல்லிக்கொண்டே ஓடுகிறது. இன்ஜினுக்கும் இதே மாதிரிதான். டபிள்யூ.ஏ.பி. 7 என்பதில் முதல் எழுத்து 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை, ஏ என்பது ஏசி எனப்படும் மாறுதிசை மின்சாரம், பி என்றால் பயணி. சேலம் டவுன் வழியாக விருத்தாசலத்துக்கு மீட்டர் கேஜ் ஓடிய காலத்து இன்ஜின்களுக்கு முதல் எழுத்து ஒய். ஒய்.பி., ஒய்.டி.எம். என்று சொன்னால் இங்கே சில தலைகள் ஆடுகின்றன, அது போதும்.

பயணிகள் பெட்டிக்கு வருகிறேன். நீல நிறத்தில் ஓடியது ஐ.சி.எஃப். என்ற பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையின் வடிவமைப்பு. 1955-ல் தொடங்கிய ஆலை. அந்தப் பழைய வடிவத்தைக் கட்டுவதை 2018-ல் நிறுத்திவிட்டார்கள். இப்போது வருவது ஜெர்மானிய வடிவமான எல்.எச்.பி., லிங்கே ஹாஃப்மன் புஷ் என்ற கம்பெனியின் பெயர்ச்சுருக்கம். உடம்பு துருப்பிடிக்காத எஃகு. நம் கஞ்சமலை அடிவாரத்து உருக்காலையிலும் ரயில் பெட்டிக்கான அந்த எஃகுத் தகடு உருட்டப்படுகிறது. பெட்டி நீளம் என்பதால் ஸ்லீப்பரில் 72 படுக்கை 80 ஆகிவிட்டது. பழைய பெட்டிக்கு இரு பக்கமும் இடி தாங்கும் பஃபர், நடுவில் திருகி இறுக்கும் சங்கிலி. புதியதில் இரண்டு கை கோத்தது போல நடுவிலேயே பூட்டிக்கொள்ளும் கப்ளர். கிளம்பும்போது முதுகில் ஒரு குத்து விடுவதும் அதுதான்.

பெட்டியின் பக்கத்தில் ஐந்து இலக்க எண் பார்த்திருப்பீர்கள். 07312 என்றால் 2007-ல் கட்டியது. கடைசி மூன்று இலக்கம் வகை. 201 முதல் 400 வரை ஸ்லீப்பர், 401 முதல் 600 வரை பொதுப் பெட்டி. பெட்டியின் பிறந்த வருடமும் ஜாதகமும் கதவுப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. எஸ்.எல்.ஆர். பெட்டியில் எஸ் இரண்டாம் வகுப்பு, எல் லக்கேஜ், ஆர் கார்டு உட்காரும் பகுதி. கார்டு என்ற பதவிப் பெயர் 2022-ல் டிரெயின் மேனேஜர் ஆகிவிட்டது. பெட்டிக்கு இன்னும் அதே பெயர்தான். வந்தே பாரத் இந்தப் பெயர் வரிசைக்குள் அடங்காது. அதற்கு இன்ஜினே கிடையாது, மோட்டார் பெட்டிகளுக்கு அடியில் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. வண்டித் தொடரும் இன்ஜினும் ஒன்றே ஆகிவிட்டன.

ரயிலுக்கு வைக்கும் பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் என்னிடம், "ஏற்காடு எக்ஸ்பிரஸ் மலை மேல எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்?" என்று கேட்டார். அது ஈரோட்டுக்கும் சென்னைக்கும் நடுவே ஓடுவது. மலையை எட்டிப் பார்ப்பதோடு சரி. சேர்வராயனுக்கு இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸும்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறுவது மாதிரி ஒரு பல்சக்கர ரயில் நமக்கு வாய்க்கவில்லை.

கடைசியாக, கடைசிப் பெட்டி. அதன் பின்னால் பெரிய பெருக்கல் குறி இருக்கும், பக்கத்தில் எல்.வி. என்று ஒரு பலகை தொங்கும். லாஸ்ட் வெஹிக்கிள். இரவானால் சிவப்பு விளக்கு மினுக்கும். வண்டி ஸ்டேஷனைக் கடக்கும்போது மாஸ்டர் வெளியே வந்து நிற்பது இன்ஜினைப் பார்க்க அல்ல, இந்தப் பலகையைப் பார்க்க. பலகை வந்தால் முழு வண்டியும் வந்துவிட்டது, பின்னால் பாதை காலி. வராவிட்டால் நடுவழியில் எங்கோ கப்ளர் அறுந்து சில பெட்டிகள் இருட்டில் நிற்கின்றன. அந்தப் பாதையில் அடுத்த ரயிலை விட்டால் முடிந்தது கதை. இப்போது பல இடங்களில் ஆக்ஸில் கவுண்டர் வந்து, உள்ளே போன அச்சும் வெளியே வந்த அச்சும் சமமா என்று எண்ணிவிடுகிறது. பலகையும் போகவில்லை.

ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகின்றன. கேட் மூடி நாங்கள் ஸ்கூட்டரில் நின்றால், வண்டி போனதும் எல்லோரும் கேட் திறப்பதைப் பார்ப்பார்கள், நான் மட்டும் வண்டியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பின் சீட்டிலிருந்து வீட்டுக்காரம்மா கேட்பார், "என்னங்க, எல்.வி. போயிடுச்சா? நாம கிளம்பலாமா?"